மண்வெட்டியும் காதும்

250 மீட்டர் நீளத்துக்கு முன்வரிசை அகழி வெட்ட 450 ஆட்கள், 6 மணி நேரம், அதுவும் இரவில். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த கணக்கு இது. அந்த 450 பேரும் கூலியாட்கள் இல்லை, காலாட்படைச் சிப்பாய்கள்தான். பொறியியல் பிரிவிலிருந்து ஒருவர் வந்து தரையில் வெள்ளை நாடாவை விரித்துக் கோடு காட்டிவிட்டுப் போவார். வெட்டுவது இவர்கள் பாடு. வெட்டி முடித்த மறுநாள் நல்ல மழை பிடித்தால் பாதிச் சுவர் உள்ளே சரிந்து கிடக்கும். அன்றிரவு அதே ஆட்கள் அதே மண்ணை மறுபடி அள்ள வேண்டும்.

மேற்குப் போர்முனையில் இருந்த சாதாரணச் சிப்பாய் துப்பாக்கியைவிட மண்வெட்டியைத்தான் அதிக நேரம் பிடித்திருந்தான். எதிரியின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் வாரக்கணக்கில் முன்வரிசையில் இருந்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். இந்தப் போரை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டால், வேலையாகப் புரிந்துகொண்டார்கள் என்பதே என் பதில். ஆபத்தான, அலுப்பூட்டும், முடிவு தெரியாத வேலை. பிரிட்டிஷ் படையில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் பட்டறையிலும் இருந்து வந்தவர்கள். ஷிஃப்ட் என்றால் என்ன, மேஸ்திரியை எப்படிச் சமாளிப்பது, எந்த இடத்தில் உடம்பைக் கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குப் புதிதில்லை.

ஒரு சொல் விஷயம். நம் பத்திரிகைகள் ட்ரெஞ்ச் என்பதையும் ‘பதுங்குகுழி’ என்றே எழுதிவிடுகின்றன. குழி ஓரிடத்தில் இருப்பது; ஈழத்து வாசகர்கள் ‘பங்கர்’ என்று சொல்வது அதைத்தான். இங்கே பேசப்படுவது பெல்ஜியக் கடற்கரையில் தொடங்கி சுவிட்சர்லாந்து எல்லை வரை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஓடிய, வாய்க்கால் போன்ற ஒன்று. எனவே அகழி என்றே எழுதுகிறேன்.

வெட்டுவதும் கட்டுவதும்

எதிரிப் பக்கம் மேலே குவித்த முன்கரையின் உயரத்தையும் சேர்த்து அகழி ஏறக்குறைய 7 அடி ஆழம் இருக்கும். நிமிர்ந்து நடந்தால் தலை வெளியே தெரியாது. தெரியாவிட்டால் சுடவும் முடியாது. அதனால் எதிரிப் பக்கச் சுவரில் சுமார் 2 அடி உயரத்தில் ஒரு படி வைப்பார்கள். அதில் ஏறி நின்றால் தலையும் தோளும் மேலே வரும். பகலில் அதுவே உட்காரும் திண்ணை, சிலருக்குப் படுக்கை. முதுகுப் பக்கமும் ஒரு கரை உண்டு. பின்னால் விழுந்து வெடிக்கும் குண்டின் சில்லு முதுகில் பாயாமல் இருக்கவும், தலையை நீட்டும்போது பின்னால் வெறும் வானம் தெரிந்து தலை கறுப்பாக எடுத்துக்காட்டாமல் இருக்கவும்.

மேலிருந்து எடுத்த படங்களில் அகழி கோட்டைமதில் பற்கள்போல மடிந்து மடிந்து போவதைப் பார்க்கலாம். இருபது முப்பது அடிக்கு ஒருமுறை பத்தடி வாக்கில் ஒரு மண்திட்டு குறுக்கே நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். குண்டு ஓர் அறைக்குள் விழுந்தால் அந்த அறையில் இருப்பவர்களோடு சேதம் நின்றுவிடும். எதிரி ஒருவன் உள்ளே குதித்துவிட்டாலும் அகழி நீளத்துக்குச் சுட்டுத்தள்ள முடியாது. அதே காரணத்தால், இழந்த அகழியை மீட்பது ஒவ்வொரு திருப்பமாகச் செய்ய வேண்டிய கொடூரமான வேலை. 1914 நவம்பர் 23 இரவு பிரான்ஸின் ஃபெஸ்துபேர் அருகே இந்திய ராணுவத்தின் கார்வால் ரைஃபிள்ஸ் படை செய்தது அதைத்தான். தலையிலும் கையிலும் காயத்தோடு ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் ஆட்களில் ஒருவராகப் புகுந்த தர்வான் சிங் நேகிக்கு பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அவர்கள் கையில் இருந்த வெடிகளில் பல, ஜாம் டப்பாவில் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் அடைத்துத் திரி வைத்தவை. திரி நனைந்தால் வெடிக்காது. குட்டையாகிப் போனால் கையிலேயே வெடிக்கும். 1915 நடுவில் மில்ஸ் என்ற கைக்குண்டு வரும்வரை இதுதான் நிலைமை.

மணல்மூட்டை என்று பெயர், ஆனால் மணல் இருக்காது, கிடைத்த மண்தான். முழுதாக நிரப்பினால் மூட்டை உருண்டையாகி ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. முக்கால் பங்கு நிரப்பி, வாயை மடித்து அடியில் போட்டு, தையல் வெளியே தெரியாமல் வைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டிச் செங்கல் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் கொத்தனார் அடுக்குவதைப் போல ஒரு வரி நீளவாட்டில், ஒரு வரி குறுக்குவாட்டில். தையல் வெளிப்பக்கம் வந்தால் சாக்கு அங்கேதான் முதலில் கிழியும். செங்குத்தாக அடுக்கினால் வயிறு தள்ளிக்கொண்டு விழும். சுவர் சற்றுப் பின்வாங்கிச் சாய்ந்திருக்க வேண்டும். முன்கரையின் உச்சியிலும் குறைந்தது 3 அடி கனம் வேண்டும், இல்லையென்றால் துப்பாக்கிக் குண்டு ஊடுருவி வரும். புதிதாக வந்த படைகள் செய்த பொதுவான தவறு இதுதான்: கரை உயரமாக இருக்கும், உச்சி ஒல்லியாக இருக்கும். பார்வைக்குப் பாதுகாப்பு, உண்மையில் காகிதம்.

மண்ணின் குணம் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பிரான்ஸின் சோம் பகுதியில் சுண்ணாம்புப் பாறை. வெட்டுவது கடினம், வெட்டியது நிற்கும். ஜெர்மானியர்கள் அங்கே முப்பதடி ஆழத்தில் அறைகள் தோண்டி, 1916 ஜூன் கடைசி வாரக் குண்டுமழை முழுவதையும் கீழே உட்கார்ந்து கழித்தார்கள். பெல்ஜியப் பக்கத்து ஃபிளாண்டர்ஸில் களிமண், கடல்மட்டத்துக்குச் சற்றே மேலான தாழ்நிலம். இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர். பல இடங்களில் கீழே வெட்டுவதை விட்டுவிட்டு மூட்டைகளை மேலே அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். உள்ளே நடக்க மரச் சட்டத்தில் பலகைத் துண்டுகளை அறைந்த ஏணி போன்ற தளம். அதை நேரே சேற்றில் போட்டால் சேறு அதை விழுங்கிவிடும். பிறகு கண்டுபிடித்த வழி, ஆங்கில ‘ஏ’ வடிவச் சட்டத்தைத் தலைகீழாக இறக்கி, குறுக்குக் கட்டையின்மேல் தளத்தைப் பரப்புவது. தண்ணீர் கீழே ஓடும், ஆள் மேலே நடப்பான், சட்டத்தின் இரு கால்களும் பக்கச் சுவர்களைத் தாங்கும். இவ்வளவு எளிய பொருள் எவ்வளவு கால்களைக் காப்பாற்றியது என்று யோசித்தால் அதைக் கண்டுபிடித்தவருக்கும் ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று: படுக்க இடமில்லாத சிப்பாய்கள் முன்சுவரின் அடியைக் குடைந்து ஆள் சுருண்டுகொள்ளும் அளவுக்குப் பொந்து செய்வார்கள். அதிகாரிகள் திட்டிக்கொண்டே இருப்பார்கள், காரணம் இருந்தது. சுவரின் அடி வலுவிழந்து, மழையிலோ குண்டு அதிர்விலோ பொந்து மூடிக்கொள்ளும். உள்ளே தூங்கியவன் அப்படியே புதைந்துபோவான். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தோண்டினார்கள். மூன்று இரவு தூங்காதவனுக்கு மழையில் நனையாத இடம்தான் பாதுகாப்பான இடம்.

காது

பிரிட்டிஷ் காயக் கணக்கில் ஏறக்குறைய 60 விழுக்காடு பீரங்கியாலும் மோர்ட்டாராலும் ஏற்பட்டவை. பீரங்கி கண்ணுக்குத் தெரியாது, சில மைல் தொலைவில் இருக்கும். ஆகவே பழகிய சிப்பாயின் முதல் ஆயுதம் காது.

ஜெர்மானியர்களின் 77 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு தாழ்வாக, ஒலியைவிட வேகமாக வரும். சுட்ட சத்தம் காதுக்கு வருமுன் குண்டு வந்துவிடும். ‘விஸ்’ என்பதும் ‘பேங்’ என்பதும் ஒன்றாகக் கேட்பதால் அதற்கு விஸ்-பேங் என்றே பெயர். அதற்குக் குனிந்து பயனில்லை; கேட்டுவிட்டால் நீ உயிரோடு இருக்கிறாய் என்று அர்த்தம். 15 சென்டிமீட்டர் ஹவிட்சர் குண்டு வேறு ரகம். மேலே ஏறி, வளைந்து, ரயில் வருவதைப் போல இரைந்துகொண்டு வரும், வெடித்தால் கரும்புகை. அன்றைய கறுப்பினக் குத்துச்சண்டைச் சாம்பியனின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ஜாக் ஜான்சன். அதன் இரைச்சல் சீராகத் தேய்ந்துகொண்டே போனால் தலைக்கு மேலே கடந்து பின்னணிக்கு, அதாவது முன்வரிசைக்குப் பின்னாலுள்ள பகுதிக்குப் போகிறது. சுருதி திடீரென்று மாறி இரைச்சல் ஏறினால் தரையோடு படுக்க ஓரிரு விநாடி இருக்கிறது. மினன்வெர்ஃபர் என்ற மோர்ட்டாரின் குண்டு மெதுவாக வரும், பகலில் ஆகாயத்தில் புரண்டு புரண்டு வருவதைப் பார்க்கவே முடியும். சில இடங்களில் விசிலோடு ஓர் ஆளை நிறுத்தி, அவன் ஊதிக் கைகாட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பத்தைச் சுற்றி ஓடுவார்கள். நல்ல ஓட்டம் தேவைப்பட்டது. ஒருவர் மீது ஒருவர் முட்டிக்கொண்டு வழியை அடைப்பதும் நடந்தது.

புதிதாக வந்தவன் எல்லாச் சத்தத்துக்கும் குனிவான். அரை நாளில் களைத்துப்போய் எதற்கும் குனியாமல் விட்டுவிடுவான். ஆபத்து அந்த இரண்டாவது கட்டத்தில்தான். பழையவர்கள் அருகில் வைத்துக்கொண்டு, ‘இது நம்முடையது’, ‘இது நமக்கில்லை’, ‘இது நமக்கு’ என்று சொல்லிச் சொல்லித்தான் காதைப் பழக்கினார்கள். எந்தப் பயிற்சி முகாமிலும் இந்தப் பாடம் இல்லை.

துப்பாக்கிக் குண்டுக்கும் இலக்கணம் உண்டு. பக்கத்தில் கடப்பது சாட்டை சொடுக்குவதைப் போலச் சட்டென்று வெடிக்கும். தூரத்தில் வலுவிழந்து போவது முனகும். இரவில் இயந்திரத் துப்பாக்கி இடமிருந்து வலமாகக் கரையைத் தடவிக்கொண்டு வரும்போது, சொடுக்கு நெருங்கும் வேகத்தை வைத்து எப்போது உட்கார வேண்டும் என்று கணிப்பார்கள். இரு அகழிகளுக்கும் நடுவிலுள்ள வெட்டவெளியில் முள்கம்பி கட்டப் போனவர்களுக்கு வேறொரு பாடம்: வெளிச்ச வாணம் மேலே ஏறினால் அசையாமல் நில். படுக்காதே, ஓடாதே. எதிரிக் காவலாளியின் கண் உருவத்தைத் தேடுவதில்லை, அசைவைத்தான் பிடிக்கும். நின்றவன் கம்பிக் கழியாகத் தெரிவான். உடம்பு முழுக்க ஓடு ஓடு என்று கத்தும்போது மரமாக நிற்பதைப் பழக வேண்டும். கழிகளைச் சுத்தியலால் அறைந்த காலத்தில் அந்தச் சத்தமே ஆளைக் காட்டிக்கொடுத்தது. தக்கைத் திருகியைப் போல முறுக்கி இறக்கும் இரும்புக் கழி வந்தபின் இந்த வேலையில் சாவு குறைந்தது.

பூமிக்கு அடியிலும் கேட்க வேண்டியிருந்தது. இரு தரப்பும் எதிரி அகழிக்குக் கீழே சுரங்கம் குடைந்து வெடிமருந்து நிரப்பிக்கொண்டிருந்தன. 1917 ஜூன் 7 அன்று பெல்ஜியத்தின் மெசின் மேட்டில் மட்டும் 19 கண்ணிகள் சில விநாடி இடைவெளிகளில் வெடித்தன. காலடியில் கடப்பாரைச் சத்தம் கேட்டால், தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்று ஆறுதல். பல நாள் கேட்ட சத்தம் நின்றுபோனால்தான் அகழியில் யாரும் தூங்கமாட்டார்கள். தோண்டி முடித்துவிட்டார்கள், மருந்து இறக்குகிறார்கள் என்று அர்த்தம்.

காது பயன்படாத ஒரே ஆயுதம் வாயு. 1915 ஏப்ரல் 22 மாலை பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு வடக்கே ஜெர்மானியர்கள் குளோரினைத் திறந்துவிட்டபோது கவசம் எதுவும் கிடையாது. அப்போது தெரிந்துகொண்டவை பின்னால் பலரைக் காப்பாற்றின. குளோரின் காற்றைவிடக் கனம், அகழியின் அடியில் தேங்கும். படியேறி நின்றவர்களைவிடக் கீழே படுத்தவர்களும் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர்களும் அதிகம் செத்தார்கள். மேகத்தோடு சேர்ந்து பின்னால் ஓடியவன் அதிக நேரம் அதற்குள்ளேயே ஓடினான். நின்ற இடத்தில் நின்றவனை அது கடந்து போனது. நனைத்த துணியை, தண்ணீர் இல்லாவிட்டால் சிறுநீரில் நனைத்ததை, மூக்கில் கட்டிக்கொண்டவர்கள் ஓரளவு தப்பினார்கள். 1916இல் பெட்டி வடிகட்டியோடு முகமூடி வந்தது. காலிக் குண்டுக் கூட்டைத் தொங்கவிட்டு, காற்றுத் திசையைப் பார்த்து நிற்கும் காவலாளி அதைத் தட்டினால் எல்லோரும் மாட்டிக்கொள்ள வேண்டும்.

கண் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் பகலில் அதைப் பயன்படுத்தவே கூடாது. பெரிஸ்கோப் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை தலையைக் காட்டக் கூடாது. ஒரு தீக்குச்சியில் மூன்று சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்ற நம்பிக்கையும் உண்டு: முதலாவதில் பார்ப்பான், இரண்டாவதில் குறிவைப்பான், மூன்றாவதில் சுடுவான். சுவாரசியமான விஷயம் வேறு. பிரிட்டிஷ்காரர்கள் முன்கரையை மட்டம் பார்த்து நேர்த்தியாகக் கட்டினார்கள். தலை ஒன்று எழும்பினால் நேர்கோட்டில் பல் முளைத்ததைப் போலத் தெரிந்தது. ஜெர்மானியர்களின் கரை பல வண்ணச் சாக்குகளும் தகரமும் குப்பையுமாகக் கன்னாபின்னாவென்று கிடந்தது. அதில் எது தலை, எது மூட்டை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அணிவகுப்பு மைதானத்தின் ஒழுங்கைப் போர்முனைக்குக் கொண்டுபோனதற்குக் கொடுத்த விலை அது.

உடம்பைப் பார்த்துக்கொள்வது

நாள் என்பது விடியலுக்கு முன் தொடங்கும். எல்லோரும் ஆயுதத்தோடு படியில் ஏறி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், தாக்குதல் பொதுவாக விடியலில் வரும் என்பதால். வெளிச்சம் வந்து எதுவும் நடக்கவில்லை என்றால் ரம். ஒரு காலன் மண் ஜாடி 64 பேருக்கு, ஆளுக்கு ஏறக்குறைய 70 மில்லி, அதிகாரியின் கண் முன்னேயே குடித்துவிட வேண்டும். சேமித்து வைத்து மொத்தமாகக் குடிப்பார்கள் என்ற பயம். ஜாடியில் எஸ்.ஆர்.டி. என்று முத்திரை இருக்கும். அதற்குச் சிப்பாய்கள் கொடுத்த விரிவு ‘செல்டம் ரீச்சஸ் டெஸ்டினேஷன்’, அதாவது ‘போய்ச் சேருவது அரிது’. பிறகு துப்பாக்கி துடைப்பது, தேநீர், மராமத்து, முறைவைத்துத் தூக்கம். இருட்டியதும் உண்மையான வேலைநேரம்: தோண்டுவது, சுமப்பது, கம்பி கட்டுவது, ரோந்து. காவலுக்கு நிற்பவன் இரண்டு மணி நேரம் கண் இமைக்கக் கூடாது. காவலில் தூங்கினால் சட்டப்படி மரண தண்டனை. விதித்தவை பெரும்பாலும் குறைக்கப்பட்டன. அதற்காகத் தூக்கம் வராமல் இருந்ததா என்ன.

துப்பாக்கியில் சேறு புகாமல் இயங்குபகுதியில் பழைய காலுறையைச் சுற்றிவைப்பார்கள். குழல் வாய்க்குத் துணி அடைத்தவன் அவசரத்தில் அதை எடுக்க மறந்து சுட்டால் குழல் வெடிக்கும். கனடியப் படைகள் கொண்டுவந்த ராஸ் ரைஃபிள் துல்லியத்துக்குப் பேர்போனது, ஆனால் சேறும் சூடும் பட்டால் இறுகிக்கொள்ளும். 1915 ஏப்ரலில் ஈப்ரில், பூட்ஸ் காலால் உதைத்தும் திறக்காத துப்பாக்கிகளை எறிந்துவிட்டு, இறந்துகிடந்த பிரிட்டிஷ்காரர்களின் லீ-என்ஃபீல்டைப் பொறுக்கிக்கொண்டார்கள். எந்தக் கருவி நல்லது என்பதை அகழி தன் முறையில் தீர்மானித்தது.

சாப்பாடு தாளில் தாராளம். போர் தொடங்கியபோது ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் பவுண்ட் இறைச்சி, ஒன்றேகால் பவுண்ட் ரொட்டி, 4 அவுன்ஸ் பன்றி இறைச்சி, 3 அவுன்ஸ் பாலாடைக்கட்டி. முன்வரிசைக்கு வந்து சேர்வது டப்பா மாட்டிறைச்சியும் பல் உடைக்கும் பிஸ்கட்டும். இரவில் சுமந்து வருபவர்கள் ரொட்டி, தேயிலை, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு மூலையை முடிந்து கொண்டுவருவார்கள். மழை பெய்தால் எல்லாம் ஒன்று. தண்ணீர் பெட்ரோல் டின்னில் வரும். சரியாகக் கழுவாத டின்னில் வந்தால் தேநீரில் பெட்ரோல், குளோரின் தூள் இரண்டும் மணக்கும். போர் எப்படிப் போகிறது என்பதைச் சிப்பாய் செய்தித்தாளில் பார்க்கவில்லை; ஒரு ரொட்டி எத்தனை பேருக்கு என்பதில் பார்த்தான். அடுப்பு மூட்டுவதும் கலைதான். புகை எழுந்தால் குண்டு விழும். சாக்கு நாரை மெழுகில் தோய்த்து ஜாம் டப்பாவில் எரித்தால் புகை குறைவு. அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க நல்ல பொறுமை வேண்டும்.

கால்தான் பெரிய கதை. 1914-15 குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் ஏறக்குறைய 20,000 பேர் ‘அகழிப் பாதம்’ என்ற நோயால் பாதிக்கப்பட்டார்கள். நம் ஊரில் நடவு வேலையில் வரும் சேற்றுப்புண் இதற்கு ஒப்பே இல்லை. தண்ணீர் உறைய வேண்டிய அவசியமும் இல்லை. குளிர்ந்த ஈரம், இறுக்கமான பூட்ஸ், காலில் சுற்றிய பட்டைத் துணி நனைந்து சுருங்கி ரத்தக்குழாயை இறுக்குவது, அசையாமல் நிற்பது நான்கும் சேர்ந்தால் பாதத்துக்கு ரத்தம் போகாது. முதலில் மரத்துப்போகும், அப்புறம் வெளிறி வீங்கும், சூடு பட்டதும் தாங்கமுடியாத எரிச்சல், முற்றினால் கறுத்து அழுகும். விரலோ பாதமோ போகும்.

தீர்வு மருத்துவமனையில் இல்லை, இரண்டு பேர் கொண்ட ஏற்பாட்டில் இருந்தது. நாளுக்கு ஒருமுறையாவது பூட்ஸைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, ரத்தம் ஓடும்வரை தேய்த்து, திமிங்கில எண்ணெய் பூசி, உலர்ந்த காலுறை போட வேண்டும். உன் காலை உன் கூட்டாளி தேய்ப்பான், அவன் காலுக்கு நீ பொறுப்பு. உலர்ந்த காலுறைகள் சாப்பாட்டோடு வரும், நனைந்தவை திரும்பிப் போகும். வராத நாளுக்காக ஒரு ஜோடியைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்து உலர்த்துவார்கள். தவறு நடந்த இடங்களும் தெளிவானவை. தேய்க்காமல் எண்ணெயை மட்டும் அப்பினால் பயனில்லை. தொடை வரைக்குமான ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் நாட்கணக்கில் போட்டிருந்தால் வியர்வையே உள்ளே ஈரமாகி அதே நோய் வரும். கழற்றினால் வீங்கிய கால் மறுபடி நுழையாது என்று பயந்து கழற்றாமல் இருந்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். கூச்சம் வேறு, ஆம்பளை காலை ஆம்பளை பிடித்துவிடுவதா என்று தயங்கியவர்களும் ஒரு குளிர்காலம் முடிவதற்குள் தயக்கத்தை விட்டார்கள்.

பிறகு சீலைப்பேன். தலைப்பேன் இல்லை இது. துணித் தையலில் குடியிருந்து உடம்பில் ரத்தம் குடிப்பது. சட்டையைக் கழற்றி, மெழுகுவர்த்திச் சுடரைத் தையல் ஓரமாக ஓட்டினால் படபடவென்று பொரியும். கை நடுங்கினால் தையல் நூலும் சேர்ந்து கருகி, அடுத்த வாரம் சட்டை இரண்டாகும். கூட்டமாக உட்கார்ந்து இதைச் செய்வதும் பேசிக்கொண்டிருப்பதும் ஒன்றாகவே நடந்தன. பின்னணியில் மதுவடிப்பாலைப் பீப்பாய்களில் குளிக்கவைத்து, துணியை வெந்நீரில் போட்டுத் தருவார்கள். ஆனால் தையலுக்குள் இருந்த ஈர் பல தடவை பிழைத்துக்கொள்ளும். சுத்தமான சட்டையைப் போட்ட சில மணி நேரத்தில் உடம்புச் சூட்டில் பொரிந்து மறுபடி அரிக்கும். ஐந்து நாளுக்கொருமுறை காய்ச்சலும் முழங்கால் கீழ் எலும்பு வலியுமாக வந்த அகழிக் காய்ச்சலுக்குக் காரணம் இந்தப் பேன்தான் என்பது 1918இல்தான் உறுதியானது.

பேரமும் பேச்சும்

ஒரு பட்டாலியன் வருடம் முழுக்க முன்வரிசையில் இருந்ததில்லை. சில நாள் முன்வரிசை, சில நாள் இரண்டாம் வரிசை, அப்புறம் பின்னணி என்று சுழற்சி. ‘இன்னும் மூன்று ராத்திரி’ என்று எண்ண முடிந்தது. போர் எப்போது முடியும் என்ற கேள்வியை விட்டுவிட்டு, மாற்றுப்படை எப்போது வரும் என்ற கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டதுதான் அவர்கள் மனத்தைக் காப்பாற்றிய பெரிய தந்திரம் என்று நினைக்கிறேன்.

எதிரியோடும் ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் சுடுவதில்லை. சாப்பாடு சுமந்து வருபவர்களைச் சுடுவதில்லை, ஏனென்றால் சுட்டால் எதிரியும் நம் சுமையாட்களைச் சுடுவான், இரு தரப்பும் பட்டினி. பீரங்கி தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நாலு குண்டு போடும். மேலிடத்துக்குக் கணக்கு காட்டியாகிவிட்டது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். 1914 கிறிஸ்துமஸ் அன்று கைகுலுக்கிக்கொண்டதைத்தான் உலகம் பேசுகிறது. இந்த அன்றாட விட்டுக்கொடுத்தல் அதைவிடப் பெரியது என்பது என் கட்சி. தலைமைக்கு இது தெரிந்தது, பிடிக்கவில்லை. இரவுத் திடீர்த் தாக்குதல்களை வலியுறுத்தியதற்கு இந்த அமைதியைக் கலைப்பதும் ஒரு காரணம்.

மொழியும் ஒரு கவசம். ஈப்ர் ‘வைப்பர்ஸ்’ ஆனது, ப்ளூக்ஸ்டேர்ட் ‘ப்ளக் ஸ்ட்ரீட்’ ஆனது. அகழிகளுக்கு லண்டன் தெருப் பெயர்கள். ஊருக்குத் திரும்ப வைக்கும் அளவுக்கு மட்டும் பட்ட காயத்துக்கு ‘பிளைட்டி’ என்று பெயர். அது ‘விலாயத்’ என்ற இந்துஸ்தானிச் சொல்லின் திரிபு; இந்தியாவில் பணியாற்றிய பழைய படைகள் கொண்டுபோனது. நம் வழக்கில் சொன்னால் சீமைக்காயம். எலும்பு போகாத, கை கால் போகாத, ஆனால் ஆறுமாதம் ஆறாத காயம். அதற்காக வேண்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். வீட்டுக்கு எழுத அச்சிட்ட அஞ்சலட்டை தருவார்கள்: ‘நான் நலம்’, ‘மருத்துவமனையில் இருக்கிறேன்’ போன்ற வரிகளில் வேண்டாததை அடிக்க வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை கிழித்தெறியப்படும்.

பிளைட்டிக்குச் சொல் கொடுத்த தேசத்தின் சிப்பாய்களே 1914 இலையுதிர்காலத்தில் லாகூர், மீரட் டிவிஷன்களாக அதே அகழிகளில் நின்றார்கள். பஞ்சாபியர், கார்வாலியர், கூர்க்காக்கள், பட்டாணியர், டோக்ராக்கள். மதராஸ் ரெஜிமென்ட் எதுவும் அதில் இல்லை, தெற்கத்தியருக்குப் போர்க்குணம் இல்லை என்று அன்றைய ஆட்சியாளர்கள் ஒரு கோட்பாடே வைத்திருந்தார்கள். முதல் குளிர் வந்தபோது பலர் வெயில்காலப் பருத்திச் சீருடையில் இருந்தார்கள். அவர்கள் கடிதங்களைத் தணிக்கை செய்வார்கள் என்று தெரிந்ததும் குறிச்சொல் வந்தது: கறுப்பு மிளகு என்றால் இந்தியர், சிவப்பு மிளகு என்றால் வெள்ளையர். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்று ஊருக்கு எழுதினார்கள். தணிக்கையாளர்களுக்கும் புரிந்தது, மொழிபெயர்த்துக் கோப்பில் வைத்தார்கள், அதனால்தான் நமக்கும் தெரிகிறது. இது போர் இல்லை, உலகத்தின் முடிவு என்று ஒருவர் எழுதியதும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது.

தன் பெயர் எழுதிய குண்டு வந்தால் வரட்டும் என்பது பிரிட்டிஷ் சிப்பாயின் பேச்சு. தலையெழுத்து என்பது இந்தியச் சிப்பாய்களின் பேச்சு. இரண்டும் ஒரே வேலையைச் செய்தன. ஆனால் தலையெழுத்தை நம்பியவனும் முன்கரையின் கனத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து உட்கார்ந்தான்.

காது ஒரு கட்டத்தில் திருப்பித் தாக்கியது. குண்டுமழை மணிக்கணக்கில் நீடிக்கும்போது ஒவ்வொரு சத்தத்தையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை நிறுத்த முடியவில்லை. கை நடுக்கம், பேச்சு நின்றுபோவது, காரணமில்லாமல் காது கேளாமை, நடை குலைவது. ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவர் சார்லஸ் மயர்ஸ் 1915 பிப்ரவரியில் அச்சில் எழுதினார். போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் ஏறக்குறைய 80,000 பேர் இந்த வகையில் சேர்க்கப்பட்டார்கள். ராணுவம் முதலில் இதை இரண்டு வகையாகப் பிரித்தது. அருகில் குண்டு வெடித்ததால் வந்தது என்றால் காயம். காயப் பட்டையும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. அப்படி ஒரு குண்டைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டால் வெறும் நோய், எதுவும் இல்லை. மாதக்கணக்கில் ஆயிரம் குண்டுகளைக் கேட்டவன் எந்தக் குண்டைச் சுட்டிக்காட்டுவான் என்பதற்கு விதிமுறையில் பதில் இல்லை. 1917இல் அந்தச் சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்றார்கள். அதன்பின் நடுங்கிக்கொண்டு வந்தவனின் சீட்டில் ‘இன்னும் கண்டறியப்படவில்லை, நரம்பு’ என்று எழுதி, போர்முனைக்குப் பக்கத்திலேயே, பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த மையத்துக்கு அனுப்பினார்கள். சில வாரம் தூக்கமும் சாப்பாடும் கொடுத்து, தேறியவர்களைத் திரும்ப அகழிக்கு அனுப்பினார்கள்.